ஆணியில் மூன்று சீட்டுகள்

தையல்காரர் வீட்டில் எண்ணெயை விட்டுவிட்டார்கள் என்று காதில் விழுந்ததும் எதிர்வீட்டு அம்மாள் செய்த முதல் காரியம், கொழுப்பைக் குறைக்கும் கைராசிக்கார டாக்டர் ஒருவரின் முகவரியைக் கொடுத்தனுப்பியதுதான். பாவம், நல்ல மனுஷி. "எண்ணெய் இல்லாம எப்படிங்க சமைக்கிறீங்க?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவர் நினைத்த எண்ணெய் இல்லை. பூமிக்கடியிலிருந்தும் கடலுக்கடியிலிருந்தும் குழாயை இறக்கிக் கறுப்பாக உறிஞ்சுகிறார்களே, அந்தக் கச்சா எண்ணெய். பெட்ரோல், டீசல் மட்டும் என்றால் தையல்காரருக்கு ஒரு கஷ்டமும் இல்லை, அவரிடம் வண்டியே கிடையாது. ஆனால் பிளாஸ்டிக் அதிலிருந்துதான் வருகிறது. பாலியஸ்டரும் நைலானும் அதிலிருந்துதான். சமையல் கேஸ், எலாஸ்டிக், மெழுகுவத்தி, பல் தேய்க்கும் பிரஷ், பட்டன், ஜிப், ஏன், தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய்கூட அதன் பேரப்பிள்ளைதான். அதில் ஒரு சொட்டு இல்லாமல் ஒரு வருஷம் வாழ்வது என்று கங்கணம் கட்டிக்கொண்டார் மனிதர். கட்டிக்கொண்டது அவர் ஒருவர். மாட்டிக்கொண்டது மூன்று பேர்.

எல்லாம் பெரியவனால் வந்தது. பெரியவன் என்றால் அவருடைய மகன். கடலுக்கு நடுவில் இரும்பு மேடை போட்டு எண்ணெய் எடுக்கும் கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. அதைச் சாப்பாட்டு நேரத்தில், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அதெல்லாம் ஒரு பொழப்பா?" என்றார் தையல்காரர். "கடலையும் காத்தையும் நாசம் பண்ணிச் சம்பாதிக்கிற சோறு உள்ள இறங்குமா?"

கடல்மேலும் காற்றின்மேலும் அவருக்கு அதுவரை அப்படி ஒன்றும் பெரிய அக்கறை இருந்ததில்லை. பையன் அவ்வளவு தூரம் போகிறானே என்பதுதான் கவலை. அதைச் சொல்ல வாய் வராமல் இதைச் சொன்னார். அப்பன்மார் பலருக்கு இந்த வியாதி உண்டு.

பெரியவன் தலையை நிமிர்த்தினான். "நீங்க போட்டிருக்கிற சட்டை எண்ணெய். தைக்கிற நூல் எண்ணெய். மூக்குமேல உட்கார்ந்திருக்கிற கண்ணாடி எண்ணெய். உங்க கடையில முக்கால்வாசி எண்ணெய்தான்பா. அதை எடுக்கிறவன் மட்டும்தான் கெட்டவனா?"

"ஒரு வருஷம். அதுல ஒரு பொட்டு இல்லாம ஒரு வருஷம் இருந்து காட்டுறேன்."

"காட்டுங்க."

"காட்டினா வேலையை விட்டுட்டு வந்துடுறியா?"

பெரியவன் சிரித்துவிட்டான். "சரி, வர்றேன்" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளலாமா கூடாதா என்பது வேறு விஷயம். தையல்காரர் எடுத்துக்கொண்டார். மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன மறுநாளே வீட்டில் இருந்த பிளாஸ்டிக் சாமான்களையெல்லாம் பெரிய இரும்புப் பெட்டி ஒன்றில் போட்டுப் பூட்டி, பெட்டியைப் பரணில் ஏற்றினார்.

முதல் மாதங்கள் நன்றாகவே இருந்தன, சொல்லப்போனால் கொண்டாட்டமாகவே. அவருடைய மனைவி ஒரு மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் வேலை பார்ப்பவர், நாள் முழுக்க நோயாளிகளின் புலம்பலைக் கேட்டுவிட்டு வருபவர். வீட்டுக்குள் நுழைந்ததும் இரும்பு வாளி எழுப்பும் கடகட சத்தத்தைக் கேட்டால் சிரிப்பார். மரக்கைப்பிடியும் பன்றிமுடியும் வைத்த பிரஷ் வந்த அன்று, "பன்னியைக் கூட்டிவந்து நேரா பல்லு தேச்சிக்கலாமே" என்றார். பள்ளிக்கூடம் போகும் மகள், வீட்டில் சின்னவள், விளையாட்டு உடுப்பில் எலாஸ்டிக்குக்குப் பதில் நாடா கட்டிக்கொண்டு போய், ஓட்டப்பந்தயத்தில் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே இரண்டாவதாக வந்தாள். மின்சார அடுப்பின் பிடி பிளாஸ்டிக் என்று கண்டுபிடித்ததும் தையல்காரர் அதைக் கழற்றிவிட்டு மரக்கட்டை மாட்டினார். அப்படியானால் சுவரில் இருக்கும் சுவிட்சு? வயர்? மூவரும் உட்கார்ந்து பேசி, சுவருக்குள் இருப்பதெல்லாம் வீட்டுச் சொந்தக்காரருடையது, நம்முடையது அல்ல என்று தீர்ப்பு எழுதினார்கள். அதே தீர்ப்பின்படி பேருந்து அரசாங்கத்துடையது, மருத்துவமனையின் தொலைபேசி மருத்துவமனையுடையது. சொந்தக் கைப்பேசிகள் மூன்றும் பெட்டிக்குள் போயின.

கண்ணாடியும் போயிற்று. அங்கேதான் கோளாறு.

இப்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியில் கண்ணாடியே இல்லை, எல்லாம் பிளாஸ்டிக். அசல் கண்ணாடி வில்லை வேண்டும் என்று கேட்டபோது கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "யாரும் கேக்கிறதில்ல சார். சொல்லி வெக்கிறேன், வந்தா ஆள் அனுப்புறேன்." ஆள் வரவேயில்லை. தையல்காரர் பழைய கண்ணாடியைத் திருப்பி எடுத்திருக்கலாம், யாரும் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் போட்டது போட்டதுதான் என்றார். தூரத்துப் பார்வை அவருக்குப் பழுதில்லை. எதிர்வீட்டு மாடியில் காயும் போர்வையில் எத்தனை கட்டம் என்று சொல்வார். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான் கலங்கிய தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் இருக்கும்.

அதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "ஊசிக் காது மட்டும்தான் கொஞ்சம் தகராறு. மத்ததெல்லாம் பளிச்சுன்னு தெரியுது. சொல்லப்போனா கண்ணாடி போட்டுப் போட்டுத்தான் கண்ணு கெட்டுப்போச்சு" என்று கடைக்கு வருபவர்களிடமெல்லாம் சொன்னார். சொல்லிச் சொல்லி வீட்டாரும் நம்பிவிட்டார்கள். அளவு நாடாவில் அங்குலத்துக்கு ஒரு முடிச்சு போட்டு வைத்துக்கொண்டு விரலால் தடவி அளந்தார். துணியின் நல்ல பக்கம் எது, கெட்ட பக்கம் எது என்பதைக் கட்டைவிரல் சொல்லிவிடும். தினமும் காலையில் சின்னவள் பள்ளிக்குப் போகுமுன் பத்து ஊசிகளில் பருத்தி நூலைக் கோத்து, சிறு ஊசிமெத்தையில் குத்தி வைத்துவிட்டுப் போவாள். மெஷினுக்கும் அவளே கோப்பாள். பருத்தி நூல் சும்மா இருக்குமா, அறுந்துகொண்டே இருக்கும். பத்தாவது ஊசியும் தீர்ந்துவிட்டால் அன்றைய வேலை தீர்ந்தது. பல நாள் மத்தியானத்துக்குள்ளேயே தீர்ந்துவிடும். மீதிப் பொழுதுக்கு மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்து, தெருக்கோடியில் யார் வருகிறார்கள் என்று பார்ப்பார்.

பார்த்தது தபால்காரரைத்தான்.

மகன் போன மூன்றாவது மாதம் மனைவி ஒருநாள் சாயங்காலம் சொன்னார்: "பெரியவன் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிப் பேசினான். உங்களை விசாரிச்சான்."

தையல்காரர் மனசுக்குள் என்ன சொன்னான், எப்படி இருக்கிறான், சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று நூறு கேள்வி. "என்னை விசாரிக்கணும்னா எனக்கு எழுதட்டும்" என்றார்.

"அப்படியே சொல்லிடவா?"

"சொல்லு."

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. கேட்டால் தோற்றதாகிவிடும் என்று இருந்தார். ஆனால் தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் கால் தானாக மெஷின் மிதியிலிருந்து கீழே இறங்கும். தபால்காரர் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போவார். வெள்ளை உறையில் ஒரு கடிதம், அவ்வளவுதான் அவர் எதிர்பார்த்தது. படித்துக் காட்டத்தான் சின்னவள் இருக்கிறாளே.

ஐந்தாவது மாதம் வேறொருவர் வந்தார். கூரியர்காரர், வண்டியை நிறுத்தாமலே உறுமவிட்டுக்கொண்டு. "சார், பார்சல்."

தையல்காரர் தொட்டுப் பார்த்தார். வழுவழுவென்று பிளாஸ்டிக் உறை. துணிக் கம்பெனிக்காரர்கள் மாதிரித் துணியை இப்படித்தான் அனுப்புவார்கள், அத்தனையும் பாலியஸ்டர். "பிளாஸ்டிக்கா? இந்தக் கடைக்குள்ள அது வராது. திருப்பிக் கொண்டு போங்க."

"யார் அனுப்பினதுன்னு பாக்கலையா?"

"யாரா இருந்தா என்ன? வேண்டாம்."

கூரியர்காரர் ஏதோ சீட்டில் கிறுக்கி, விரலால் ஓரிடத்தைக் காட்டினார். தையல்காரர் அங்கே கையெழுத்துப் போட்டார். சீட்டின் நகல் கைக்கு வந்தது. காகிதம், ஆகவே கடைக்குள் வர அதற்குத் தடையில்லை. கதவுக்குப் பக்கத்து ஆணியில் குத்தி மாட்டினார். ஏழாவது மாதம் இன்னொன்று. ஒன்பதாவது மாதம் மூன்றாவது. மூன்று தடவையும் மூன்று வேறு ஆட்கள் வந்தார்கள், மூன்று பேருக்கும் அவசரம். இரண்டாவது பார்சலைத் திருப்பிக் கொடுக்கும்போது விரல் ஒரு கணம் அதன்மேல் தங்கியது. உள்ளே தைத்த துணி இருந்தது, காலர் மடிப்பு தட்டுப்பட்டது. மாதிரித் துணிக்கு ஏது காலர்? விரல் கேட்டது, இவர் கேட்கவில்லை.

சீட்டுகளைக் கடைக்கு வருபவர்களுக்கெல்லாம் காட்டினார். "மூணு வாட்டி வந்துச்சு, மூணு வாட்டியும் வாசலோட திருப்பிட்டேன். என் பையன் வந்து பாக்கட்டும், அப்பன் ஜெயிச்சானா இல்லையான்னு."

முதல் சீட்டு ஆணியில் ஏறிய வாரத்திலிருந்துதான் வீட்டில் சிரிப்பு குறைந்தது. மனைவி சீட்டைப் படித்துவிட்டு நெடுநேரம் வாசலிலேயே நின்றார். மூன்றாவது ஏறிய அன்று, "மூணையும் கண்ணுல படுற மாதிரி மாட்டி வெச்சிருக்கீங்க. உங்க நெஞ்சு கல்லுதாங்க" என்றார்.

"கல்லேதான்!" என்றார் தையல்காரர் பெருமையாக.

மனைவி உள்ளே போய்விட்டார். அப்புறம் அவர் பேசியதெல்லாம் சாப்பிட வாங்க, கதவைப் பூட்டுங்க, இவ்வளவுதான். சின்னவள் பத்து ஊசியையும் கோத்துவிட்டு வாய் திறக்காமல் போய்விடுவாள். இரும்பு வாளி கடகடத்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சாப்பிடும்போது அம்மாவும் மகளும் ஒரு பக்கம் உட்கார, எதிர்ப்பக்கம் அவர் மட்டும். கஷ்டம் தாங்காமல்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் கொஞ்ச நாள், அவன் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். கடையில் ஊசி தீர்ந்த மத்தியானங்களில் மெஷினிடம் பேச ஆரம்பித்தார். ஆமணக்கெண்ணெய் விட்டு விட்டு உள்ளே பிசினாகக் கெட்டியாகி, அதுவும் முனகத்தான் செய்தது. அவன் எழுதவே இல்லை பார், ஒரு வரிகூட எழுதவில்லை பார் என்று அதனிடம் சொல்வார். இரண்டு தடவை அழுதும்விட்டார். கடையில் யாரும் இல்லை, ஆகவே யாருக்கும் தெரியாது.

வருஷம் முடிய இருபத்துமூன்று நாள் இருந்தபோது, ஒரு காலை, சின்னவள் ஆறாவது ஊசியோடு நிறுத்திவிட்டாள்.

"மீதி?"

"நான் கோக்க மாட்டேன்."

"ஏம்மா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சா?"

"நேரம் இருக்கு. இனிமே கோக்க மாட்டேன்." மீதி ஊசிகளைத் தள்ளி வைத்தாள். "அண்ணன் அனுப்பினதை மூணு தடவை திருப்பி அனுப்பிட்டு, அதை ஊரெல்லாம் பாக்குற மாதிரி ஆணியில வேற மாட்டி வெச்சிருக்கீங்க. நான் எதுக்கு உங்களுக்கு ஊசி கோக்கணும்?"

தையல்காரர் கையில் கத்தரிக்கோல் இருந்தது. மெதுவாக மேஜைமேல் வைத்தார். "அண்ணனா? அண்ணன் என்ன அனுப்பினான்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்கப்பா. பேரு போட்டிருக்கு. பெருசா."

அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். தையல்காரர் எழுந்து ஆணிக்குப் போய் மூன்று சீட்டுகளையும் உருவினார். முகத்தருகே கொண்டுவந்தார், கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார், வெயிலில் காட்டினார். சாம்பல் நிறத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ இருந்தது. கடையைச் சாத்தாமல் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். பரணிலிருந்து பெட்டியை இறக்கத் துணைக்கு ஆள் வேண்டும். ஆள் இல்லை. நாற்காலிமேல் ஏறி நின்று, பெட்டியைப் பரணிலேயே திறந்து, துழாவினார். பல்துலக்கி, சீப்பு, குடைப்பிடி, செத்த கைப்பேசிகள் என்று ஒவ்வொன்றாக விரல் சொல்லிக்கொண்டே போயிற்று. கடைசியில் கண்ணாடி அகப்பட்டது. நாற்காலிமேல் நின்றபடியே மாட்டிக்கொண்டார்.

அனுப்புநர் என்ற இடத்தில் அவர் மகனின் பெயர். தெளிவாக, கூட்டி வாசிக்கிற குழந்தைகூடப் படித்துவிடும் அளவுக்குப் பெரிய எழுத்தில். அதன்கீழ், திருப்பியதற்கான காரணம் என்ற இடத்தில், மூன்று வேறு கையெழுத்துகளில் ஏறக்குறைய ஒரே வாசகம்: பெறுபவர் வேண்டாம் என்றார். அதற்கும்கீழே அவருடைய கையெழுத்து. வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்று மூன்று தடவை.

மருத்துவமனை இரண்டு தெரு தள்ளி இருந்தது. கண்ணாடியைக் கழற்றாமல், காலை வெளிச்சத்தில், எல்லாரும் பார்க்க நடந்தார். எதிர்வீட்டு அம்மாள் என்னவோ கேட்டார், இவர் நிற்கவில்லை. வரவேற்பு மேஜையில் மனைவி யாருக்கோ டோக்கன் எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து கணவரின் முகத்தைப் பார்த்தார், முகத்தில் கண்ணாடியைப் பார்த்தார், பேனா நின்றது. தையல்காரர் மூன்று சீட்டுகளையும் மேஜைமேல் பரப்பினார்.

"நான் இதைப் படிக்கல."

"படிக்காமலா மாட்டி வெச்சீங்க?"

"படிக்க முடியல." என்றார். "ஊசி மட்டுமில்ல. எதுவுமே தெரியல. துணிக் கம்பெனிக்காரன் அனுப்பினதுன்னு நெனச்சேன்."

மனைவி சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். டோக்கனுக்கு நின்றவர் இருமினார். "எழுதட்டும்னீங்க, சொன்னேன்" என்றார் மனைவி கடைசியில், மிகவும் மெல்லிய குரலில். "கடுதாசி மட்டும் அனுப்பினா நல்லாயிருக்காது, கூட எதாவது வெச்சு அனுப்புறேன்னான். என்ன வெச்சான்னு அவன் சொல்லல, நானும் கேக்கல. போன மாசம் அவனுக்கு லீவு கெடச்சுதுங்க. வர்றதா இருந்தான். டிக்கெட்கூட எடுத்துட்டான். மூணாவது பார்சலும் திரும்பி வந்ததைப் பாத்துட்டு, வரலம்மான்னுட்டான்."

ஒரு வருஷம் முழுக்க யாரை வரவழைப்பதற்காகத் தையல்காரர் பன்றிமுடியால் பல் தேய்த்தாரோ, அவன் வந்துகொண்டிருந்தவன், இவர் கையெழுத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டான். உள்ளே காலர் இருந்ததே, அவன் சட்டையா, எனக்கு எடுத்த சட்டையா என்று கேட்கத் தோன்றியது. அதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை.

மனைவி தொலைபேசியைத் தன்பக்கம் இழுத்து, நீளமான ஓர் எண்ணை மனப்பாடமாக அழுத்தி, கருவியை அவரிடம் நீட்டினார். பதினோரு மாதத்துக்குப் பிறகு பிளாஸ்டிக் அவர் காதில் பட்டது. எங்கோ தூரத்தில் காற்று இரைந்தது, இரும்பில் இரும்பு இடித்தது. யாரோ ஒரு ஆள் எடுத்தார்.

"அவரு வேலையில இருக்காருங்க. மேல ஏறிட்டாரு. நீங்க யாரு?"

"அவன் அப்பா."

"ஓ, நீங்களா?" என்றார் அந்த ஆள். அங்கேயும் தெரிந்திருக்கிறது. "ஏதாவது சொல்லணுமா? எழுதிக்கிறேன்."

எத்தனையோ வைத்திருந்தார். ஜெயித்ததைப் பற்றி, வாளியைப் பற்றி, தங்கை ஓட்டப்பந்தயத்தில் ஓடியதைப் பற்றி. மெஷினிடம் சொல்லிப் பழகியதெல்லாம் வரிசையாக இருந்தது. ஒன்றும் வரவில்லை. சுற்றிலும் டோக்கன் வைத்துக்கொண்டு பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"அப்பாவுக்குக் கண்ணு தெரியலன்னு சொல்லுங்க" என்றார்.

"அடடா." அந்த ஆளின் குரல் இளகிவிட்டது. "எப்பலேர்ந்துங்க?"

"அவன் போனதிலேர்ந்து."

எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அப்புறம் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். கருவியை வாங்கி வைத்த மனைவி, "எப்ப கூப்பிடுவான்னு சொல்ல முடியாது. கூப்பிடாமலும் இருக்கலாம்" என்றார். அவர் கையை ஒரு நொடி தொட்டுவிட்டு, அடுத்த ஆளுக்கு டோக்கன் எழுதக் குனிந்தார்.

"இருக்கேன்" என்றார் தையல்காரர்.

நோயாளிகள் வரிசையின் கடைசியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்து மூன்று சீட்டுகளையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மேஜைமேல் தொலைபேசி மணி அடித்தது. எழுந்து நின்றார். மருத்துவர் எத்தனை மணிக்கு வருவார் என்று யாரோ கேட்டார்கள். உட்கார்ந்தார். மறுபடி அடித்தது, மறுபடி எழுந்து நின்றார்.